செய்ய வேண்டியது தெரியும், செய்ய வழியில்லை

ஒரு நோயாளிக்கு எது சரியான சிகிச்சை என்பது வைத்தியருக்கோ தாதிக்கோ தெளிவாகத் தெரியும். ஆனால் மருந்து இருக்காது, ஆள் இருக்காது, அல்லது மேலிடத்து உத்தரவு குறுக்கே நிற்கும். சரியென்று அறிந்ததைச் செய்ய முடியாமலும், சில வேளை தவறென்று அறிந்ததையே செய்ய நேர்ந்தும் மருத்துவப் பணியாளர் படும் வேதனைக்கு அற உளைச்சல் என்று பெயர். அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேம்ட்டன், தாதியர் பணியின் அறச் சிக்கல்களைப் பற்றி 1984இல் எழுதிய நூலில் இதை முதன்முதலாகத் தனியே பிரித்துக் காட்டினார். எது சரியென்றே புலப்படாமல் தடுமாறுவது ஒன்று. இரண்டு வழிகளும் சரியாகத் தோன்ற, ஒன்றைக் கைவிட வேண்டியிருப்பது இன்னொன்று. வழி ஒன்றுதான், அதுவும் நன்றாகத் தெரியும், ஆனால் தான் வேலை செய்யும் நிறுவனமே அதில் நடக்க விடவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் அவர் அற உளைச்சல் என்றார்.

இதைக் களைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் அதிகம். இரவும் பகலும் வேலை செய்து ஓய்ந்துபோனவருக்கு உறக்கமும் விடுமுறையும் ஓரளவு மருந்தாகும். அற உளைச்சலுக்கு விடுமுறை மருந்தாகாது. ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தாலும் விடுதியில் அதே மருந்துத் தட்டுப்பாடும் அதே உத்தரவும் காத்திருக்கும். ஒவ்வொரு சம்பவமும் முடிந்த பின்னர் மனத்தின் அடியில் ஏதோ கொஞ்சம் தங்கிவிடுகிறது. அடுத்த சம்பவம் அந்த எச்சத்தின் மேல் வந்து அமர்வதால் முன்னதைவிட ஆழமாகத் தைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் எப்ஸ்டீனும் ஆன் ஹம்ரிக்கும் 2009இல் இந்த ஏறுமுகத்தை விளக்கினார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள தாதி ஒருவர் சின்ன விடயம் ஒன்றுக்கு உடைந்து அழுவதும், இன்னொருவர் எதற்கும் அசையாமல் மரத்துப்போவதும் இப்படித்தான் நேர்கிறது. மரத்துப்போனவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நோயாளிகள் எண்ணுவார்கள். அவர் ஒரு காலத்தில் அளவுக்கு மீறி வருந்தியவராக இருந்திருக்கலாம்.

தொழில்மைப் பண்பு என்று சொல்லப்படுவதற்கும் இந்த உளைச்சலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2002இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் கூடி மருத்துவத் தொழில்மைக்கு ஒரு சாசனம் வகுத்தன. நோயாளியின் நலனே முதன்மை, தன் உடல் குறித்துத் தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்குரியது, மருத்துவ வளங்கள் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பன அதன் மூன்று அடிப்படைகள். இலங்கையில் வைத்தியரின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபை. இந்த அளவுகோல்களை மனதார ஏற்றுக்கொண்டவருக்குத்தான் அவற்றை மீற நேரும்போது வலிக்கும். ஆகவே அற உளைச்சலை ஒரு மனநோயாகவோ மனத்திடம் இல்லாமையாகவோ பார்ப்பது தவறு. பணியாளரின் மனச்சாட்சி விழித்திருப்பதன் அறிகுறி அது. கோளாறு அவரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாமல், தாதியருக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தி ஆறுதல் தேடும் நிருவாகங்கள் உலகெங்கும் உண்டு.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இவை எல்லாவற்றையும் நடைமுறையில் காணலாம். தெற்கே வென்னப்புவ, மாரவில தொடங்கி, சிலாபம், உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் நகரை அடைந்து, அங்கிருந்து கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீளும் கற்பிட்டிக் குடாநாடு வரை செல்லும் கரை இது. கத்தோலிக்கச் சிங்கள மீனவரும், உடப்பின் இந்துத் தமிழரும், புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இடம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்ததும் இங்கேதான். மன்னார் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். ஓலைக் கொட்டில் முகாம்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. உள்ளூராருக்கென்று கட்டப்பட்ட வைத்தியசாலைகளும் கிளினிக்குகளும் கிணறுகளும் திடீரென்று பெருகிய மக்களையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் காசு வாங்குவதில்லை. அந்த வாக்குறுதியை நம்பித்தான் மீனவரும் வெங்காயத் தோட்டக் கூலியாளும் உப்பளத் தொழிலாளியும் வருகிறார்கள். சிறிய வைத்தியசாலையில் முடியாததைப் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ அனுப்புவார்கள். அங்கும் முடியாவிட்டால், புத்தளத்திலிருந்து சுமார் 85 கிலோமீற்றர் தள்ளியுள்ள குருநாகல் போதனா வைத்தியசாலை, அல்லது 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பு. கற்பிட்டிக்கு அப்பால் பத்தலங்குண்டு, உச்சமுனை போன்ற இடங்களில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு இந்தப் பயணம் படகில் தொடங்குகிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் தரை வரைதான் வரும். குருதி அமுக்கம் ஏறிய கர்ப்பிணியை இன்றே பெரிய வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும் என்று மருத்துவமாதுவுக்குத் தெரியும். காற்று எழும்பியிருக்கிறது, படகுக்காரர் தயங்குகிறார், கணவன் கடலுக்குப் போய்விட்டார். அந்த மாலையில் அவர் எடுக்கும் ஒவ்வொரு தீர்மானமும் பாடநூல் சொல்வதில் ஒரு படி குறைந்ததாகவே இருக்கும்.

தொலைவும் ஆள் குறைவும் பழைய கதை. 2022இல் வந்தது வேறு வகையானது. தனக்குத் தேவையான மருந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் தீர்ந்துபோனது. மார்ச் 29ஆம் திகதி பேராதனைப் போதனா வைத்தியசாலை, மயக்க மருந்துக்குப் பின் கொடுக்க வேண்டிய மருந்து உட்படப் பலவும் இல்லாமையால், திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஏப்ரல் 5ஆம் திகதி அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் நாட்டில் சுகாதார அவசரநிலை உருவாகிவிட்டதென்று சொன்னது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசு அறிவித்தது. அந்த நாட்களில்தான், பிறந்த குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்களை வீசிவிடாமல் கழுவிக் கிருமி நீக்கி வைத்துக்கொள்ளும்படி, சிசு மருத்துவத் துறையின் தலைமையிலிருந்தே வைத்தியசாலைகளுக்கு வேண்டுகோள் போனது. ஒரு தடவை பயன்படுத்தி வீசிவிட வேண்டும் என்பது அந்தக் குழாயைப் பற்றித் தாதியர் கல்லூரியில் கற்பிக்கப்படும் முதல் பாடம். கழுவிய குழாயைக் கையில் வைத்திருக்கும் தாதிக்குத் தொற்றின் ஆபத்தும் தெரியும், குழாயே இல்லாவிட்டால் குழந்தைக்கு மூச்சு இல்லை என்பதும் தெரியும். எது குறைந்த கேடு என்று பார்த்து அவர் நடந்தார். அறிவு அதை ஏற்றுக்கொண்டாலும் மனம் அவ்வளவு இலேசில் ஏற்றுக்கொள்ளாது.

கிளினிக்கில் நடந்தது இதைவிடச் சத்தமில்லாதது. நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் மருந்து எடுக்க வரும் முதியவர், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அதிகாலை பஸ்ஸில் வந்து வரிசையில் இருப்பார். வழக்கமாக ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் மாத்திரை இரண்டு வாரத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு வகை அறவே இருக்காது. வைத்தியர் சிறு துண்டொன்றில் மருந்தின் பெயரை எழுதி, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். அந்தத் துண்டை எழுதும் கைக்கு அதன் விலை தெரியும். 2022 மார்ச்சில் மருந்துகளின் விலை 29 சதவீதம் வரை கூட்டப்பட்டது. ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளுக்கு மேலும் 40 சதவீதம் ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. கற்பிட்டியிலும் உடப்பிலும் சிறுபடகுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். படகு கரையில் கிடந்தால் வீட்டில் காசு புழங்காது. துண்டோடு போன முதியவர் மருந்து வாங்கவில்லை என்பது அடுத்த கிளினிக்கில், அல்லது பாரிசவாதத்தோடு அவரைத் தூக்கி வரும்போது தெரியவரும்.

இதில் உளைச்சல் வைத்தியருக்கு மட்டும் என்று எண்ணக் கூடாது. மருந்து கொடுக்கும் யன்னலில் நிற்பவர் பார்மசி ஊழியர். கோபத்தை நேரில் வாங்குபவர் அவர்தான். அவருக்கு எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. விடுதியில் “மிஸி, ஊசி எப்ப போடுவீங்க?” என்று நோயாளியின் மகள் ஐந்தாம் தடவை கேட்கும்போது, ஊசி மருந்து களஞ்சியத்திலேயே இல்லை என்பதைச் சொல்வதா, பெரிய டொக்டர் வரட்டும் என்று தள்ளிவிடுவதா என்று தாதி தயங்குகிறார். அதிகாரப் படிக்கட்டில் கீழே நிற்பவருக்கு நோயாளியின் முகம் மிக அருகில் தெரிகிறது, முடிவெடுக்கும் உரிமையோ மிகத் தொலைவில் இருக்கிறது. ஜேம்ட்டன் தாதியரைப் பற்றி எழுதத் தொடங்கியதே இந்தக் காரணத்தால்தான்.

மருந்து வந்தபோதும் நிம்மதி வந்துவிடவில்லை. அவசரக் கொள்வனவில் பதிவுச் சோதனைகள் தளர்த்தப்பட்டன. 2023இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் இடப்பட்ட இறக்குமதிச் சொட்டுமருந்தால் சிலர் பார்வையிழந்தார்கள். அதே ஆண்டு, தரமற்ற மனித இமியுனோகுளோபியுலின் ஊசி மருந்து வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரம் வெடித்தது. அந்தக் கொள்வனவு நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். ஊசி போடும் தாதியின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். சரியான மருந்து, சரியான அளவு, சரியான நோயாளி, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் அவர் ஊசியைத் தொடுகிறார். குப்பிக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதானா என்பதைச் சரிபார்க்க அவரிடம் எந்த வழியும் இல்லை. அதற்கென்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இருக்கிறது. அங்கே யாரோ செய்த பிழை தன் கையாலேயே நோயாளிக்குள் இறங்கியிருக்கும் என்ற எண்ணம், சட்டப்படி குற்றமற்ற ஒருவரையும் நீண்ட நாள் உறங்க விடாது.

இந்தக் கரையோரத்தில் ஆறாத காயம் ஒன்று கொரோனாக் காலத்துக்குரியது. 2020 மார்ச் 18ஆம் திகதி, நாட்டில் முதன்முதலாகப் பொலிஸ் ஊரடங்கு போடப்பட்ட இடங்களில் புத்தளம் மாவட்டமும் ஒன்று. வென்னப்புவ, மாரவில பக்கத்தில் இத்தாலிக்கு வேலைக்குப் போகாத குடும்பத்தைத் தேட வேண்டும். அங்கிருந்து திரும்பியவர்களில் சிலர் தனிமைப்படுத்தலுக்குப் பயந்து வீடுகளில் ஒதுங்கினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தங்கள் ஊர்க்காரரையே வீடு வீடாகத் தேடிப்பிடித்தார்கள். மார்ச் 28ஆம் திகதி நாட்டின் முதலாவது கொரோனா மரணம் பதிவானது. இறந்தவர் மாரவிலயைச் சேர்ந்தவர். இரண்டு நாள் கழித்து நீர்கொழும்பில் முஸ்லிம் ஒருவர் இறந்தார். குடும்பத்தார் நல்லடக்கத்துக்குக் கேட்டும் அவருடைய உடல் எரிக்கப்பட்டது.

கொரோனாவால் இறந்தவரின் உடலை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24ஆம் திகதியே வழிகாட்டியிருந்தது. இலங்கைச் சுகாதார அமைச்சின் முதல் அறிவுறுத்தலிலும் அடக்கத்துக்கு இடம் இருந்தது. மார்ச் 31ஆம் திகதி அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று காரணம் சொன்னார்கள். கற்பிட்டி மணல் நிலத்தில் ஏழெட்டு அடியில் தண்ணீர் ஊறும் என்பதால் இந்தக் காரணம் இப்பக்கத்து மக்களைக் கூடுதலாகப் பயமுறுத்தியிருக்கும். ஆனால் மூச்சுத்துளிகளால் பரவும் ஒரு வைரஸ், உயிரற்ற உடலிலிருந்து மண்ணைத் தாண்டி நீரில் கலந்து தொற்றும் என்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், இதற்கெதிரான அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தை ஒன்று பொரளையில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் எல்லாச் சமயத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி, மையவாடியில் அடக்குவது ஜனாஸாவுக்கு, அதாவது இறந்தவரின் உடலுக்கு, முஸ்லிம்கள் செய்யும் கடைசிக் கடமை. அதைச் செய்ய விடாத உத்தரவை வாசலில் நின்று குடும்பத்துக்குச் சொன்னவர்கள் மருத்துவப் பணியாளர்கள். உத்தரவு எழுதியவர்கள் அந்த வாசலில் நிற்கவில்லை. தகனத்துக்குக் கையொப்பமிட மறுத்து உடலைக் கைவிட்டுப் போன குடும்பங்கள் இருந்தன. அப்படிக் கோரப்படாத 19 முஸ்லிம்களின் உடல்களை எரிக்கலாம் என்று டிசம்பரில் சட்டமா அதிபர் கூறினார். மரணம் எதனால் நேர்ந்தாலும் பீசீஆர் பரிசோதனை செய்தே உடலைக் கொடுத்த காலம் அது. மாரடைப்பு வந்தவர்களும், இறந்தால் எரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வைத்தியசாலைக்கு வரத் தயங்கினார்கள். நோயாளி வைத்தியசாலையைக் கண்டு பயப்படும் நிலையை உருவாக்கும் எந்த உத்தரவும் நோய்த்தடுப்புக்கே எதிரானது. இதைக் களத்தில் நின்ற சுகாதார உத்தியோகத்தர்கள் மற்ற எவரையும்விட முன்னதாக அறிந்திருப்பார்கள்.

அறிவியல் தெரிந்தவர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்பது தொழில்மையைப் பற்றிய நேரடியான கேள்வி. தனிப்பட்ட முறையில் பேசியவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். அமைப்பாக எழுந்த குரல் தாமதமாகவே வந்தது. சமுதாய மருத்துவ நிபுணர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது 2020 முடிந்து 2021 பிறக்கும் தறுவாயில். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. அப்போதும் ஊர் மையவாடி கிடைக்கவில்லை. நாட்டின் மறுகரையில், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில், இராணுவ மேற்பார்வையில் அடக்கம் நடந்தது. ஓராண்டில் அங்கே 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். கற்பிட்டிக் குடும்பம் ஒன்று தன் தகப்பனின் கப்றைப் பார்க்க இன்றும் தீவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடக்க வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த உத்தரவை நிறைவேற்றிய கைகளுக்குரியவர்களிடம் அரசு எதுவும் சொல்லவில்லை.

கொரோனாவுக்கு ஓராண்டு முன்னே போனால், அதே சுகாதாரத் துறைக்குள் தொழில்மை வேறு விதமாகச் சோதிக்கப்பட்டதைப் பார்க்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவிலிருந்து தொடங்கிய வன்முறை, மறுநாள் நாத்தாண்டியப் பகுதிக்குப் பரவியது. கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் மே 24ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். புத்தளம் கரையோரத்துச் சிக்கலான பிரசவங்களும் போய்ச் சேரும் வைத்தியசாலை அது.

கருத்தடை நடந்ததாகச் சொல்லப்பட்ட சிசேரியன் சத்திரசிகிச்சை ஒருவர் தனியே செய்வதல்ல. மயக்க மருந்து வைத்தியர், உதவி வைத்தியர், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி, சுற்றுத் தாதி, குழந்தையை ஏந்தும் மருத்துவமாது என ஒரு குழுவே மேசையைச் சுற்றி நிற்கும். வெளியே சூழல் கொதித்துக்கொண்டிருந்தபோது, சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஷாபியோடு நின்ற தாதியர் பலர், அப்படி எதையும் தாங்கள் கண்டதில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு வாக்குமூலம் கொடுத்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்களான அவர்களுக்கு அந்த நாட்களில் மௌனமே பாதுகாப்பாக இருந்திருக்கும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று ஜூன் 27ஆம் திகதி திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி ஷாபிக்குப் பிணை கிடைத்தது. கட்டாய விடுமுறையில் இருந்த காலத்துக்கான நிலுவைச் சம்பளம், 26 இலட்சம் ரூபாவுக்கு மேல், பின்னர் அவருக்குக் கொடுக்கப்பட்டபோது, 2022இல் அதை முழுவதுமாக அத்தியாவசிய மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். தொழில்மைக்கு இலக்கணம் தேடுவோர் அந்தத் தாதியரின் வாக்குமூலத்தையும் இந்தப் பணத்தையும் சேர்த்துப் படிக்கலாம்.

பெரிய செய்தியாகாத அன்றாட உளைச்சல்களும் உண்டு. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் மருத்துவம் பார்க்க அனுமதி உள்ள நாடு இது. நிபுணரை விரைவில் பார்க்க விரும்புபவர் வெளியே காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்துவிட்டு, அவர் எழுதிய கடிதத்தோடு விடுதிக்கு வருவார். காசில்லாமல் நீண்ட நாளாகக் காத்திருப்பவருக்கு முன்னே அவருக்குக் கட்டில் கிடைத்தால் தாதிக்கு அது தெரியும், வாய்திறக்க முடியாது. வேலைநிறுத்த நாள் இன்னொன்று. 2024 பெப்ரவரி 1ஆம் திகதி, கொடுப்பனவு கோரிச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பல வேலையை நிறுத்தின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். விலைவாசியில் நசுங்கிய ஊழியரின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. தூரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து திரும்பிப் போன தாயின் அலைச்சலும் நியாயமான முறைப்பாடுதான். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் உணரும்போது அவர் யார் பக்கம் நிற்பது?

மொழி பற்றிப் போதிய பேச்சு இல்லை. மாவட்ட மக்களில் பெரும்பான்மையோர் சிங்களம் பேசுவோர். புத்தளம், கற்பிட்டி, உடப்புப் பக்கத்து நோயாளிகள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். தமிழ் தெரியாத வைத்தியர், சிங்களம் போதாத நோயாளியிடம் சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரரோ சுத்திகரிப்பு ஊழியரோ மொழிபெயர்ப்பார்கள். கருப்பையை அகற்றுவது பற்றிய விளக்கத்தை, பன்னிரண்டு வயது மகன் தன் தாய்க்குச் சொல்ல நேர்ந்தால், அந்தக் கையொப்பம் சம்மதமாகுமா? நேர்மையான வைத்தியருக்கு அதில் சந்தேகம் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்றை உருவாக்குவது அவர் கையில் இல்லை.

இவற்றுக்கு என்ன செய்யலாம் என்பதில் உலக அனுபவம் கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்கத் தீவிர சிகிச்சைத் தாதியர் சங்கம், உளைச்சலை முதலில் அடையாளம் காண்பது, அதை ஒப்புக்கொள்வது, எதை மாற்ற முடியும் என்று கணிப்பது, பின்னர் செயற்படுவது என்று படிமுறை ஒன்றை வகுத்தது. வேர்ஜீனியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதற்கென்றே ஓர் ஆலோசனைக் குழு உண்டு. எந்தத் தாதியும் அழைக்கலாம், குழு விடுதிக்கு வந்து எல்லோரையும் இருத்திப் பேசும். நுரையீரல் புற்றுநோயால் இறந்த பொஸ்டன் சட்டத்தரணி கென்னத் சுவார்ட்ஸின் பெயரில் 1995இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் வழியே, சுத்திகரிப்பு ஊழியர் முதல் பணிப்பாளர் வரை ஒரே அறையில் அமர்ந்து, ஒரு நோயாளியைப் பராமரித்தது தம் மனத்தை எப்படிப் பாதித்தது என்று பேசும் வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

இலங்கை இதற்காக வெளியே பார்க்க வேண்டிய அவசியமும் அவ்வளவு இல்லை. பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாய் மரணமும் இங்கே அறிவிக்கப்பட வேண்டும் என்ற நடைமுறை 1980களிலிருந்து உண்டு. ஊர் மருத்துவமாது முதல் மகப்பேற்று நிபுணர் வரை எல்லோரும் உட்கார்ந்து, எங்கே தாமதம் நேர்ந்தது, படகு கிடைக்கவில்லையா, குருதி கிடைக்கவில்லையா, கடிதம் தவறிப்போனதா என்று ஆராய்வார்கள். ஆளைக் குற்றஞ்சாட்டுவது அதன் நோக்கமல்ல, ஓட்டையை அடைப்பதே நோக்கம். தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த தாய் மரண வீதங்களில் ஒன்றை இலங்கை எட்டியதில் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. மருந்தில்லாமல் திருப்பி அனுப்பிய நோயாளி, விளங்காமல் வாங்கிய கையொப்பம், மனச்சாட்சிக்கு விரோதமான உத்தரவு ஆகியவற்றுக்கும் இதே போன்ற கூட்டம் மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் நடக்கலாம். குறிப்பெடுத்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்பி, பதில் வாங்கினால், உளைச்சல் வெறும் பெருமூச்சாக முடியாது. கையில் பதிவேடு இருக்கும்.

இப்போதுள்ள விதிகள் எதிர்த்திசையில் இழுக்கின்றன. தாபனக் கோவை, அரச ஊழியர் அனுமதியின்றி ஊடகங்களுக்குப் பேசுவதைத் தடுக்கிறது. 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு, சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்குரியது என்று சுற்றறிக்கை அனுப்பியது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கவும் வதந்தியைத் தடுக்கவும் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் களஞ்சியத்தில் மருந்து இல்லை என்ற உண்மையைச் சொன்னதற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வருமானால், அடுத்த தடவை அந்த வைத்தியர் துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். உள்ளே சொல்வதற்குப் பயனுள்ள வழியைத் திறந்துவைத்த நிருவாகத்துக்குத்தான் வெளியே சொல்லாதே என்று கட்டளையிடும் தகுதி உண்டு.

வழியில்லாதபோது ஆட்கள் போய்விடுகிறார்கள். 2022 ஜூனில், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் வேலைசெய்யலாம் என்று அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வைத்தியர்களும் தாதியரும் நூற்றுக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனார்கள். சம்பளமும் வரியும் பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. கற்ற வேலையைக் கற்றபடி செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதும் பலருடைய காரணம். அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்தை முதலில் உணர்பவை தூரத்து வைத்தியசாலைகள்தான், ஏனெனில் இடமாற்றம் கேட்போர் முதலில் விட்டுப்போக விரும்புவது அவற்றையே. முதலில் போனவர்களின் ஐந்தாண்டு 2027இல் முடிகிறது. திரும்புவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று தீர்மானிக்கும்போது, சம்பளத்தோடு சேர்த்து, விடுதியில் மருந்து வந்துவிட்டதா, இல்லையென்று சொன்னால் கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதையும் அவர்கள் விசாரிப்பார்கள்.